மூன்றாம் நம்பர் கம்பி

ஐ.டி. கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜராக இருப்பவனுக்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்று எங்கள் தொழிலில் ஓயாத ஒரு பேச்சு உண்டு. வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம். ஆட்களைக் கட்டி மேய்க்கத் தெரிந்தால் போதும், சொன்ன தேதியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கீழே வேலை செய்கிற பையன்களைக் கேட்டுப் பாருங்கள் மேடம். சாயங்காலத்துக்குள் முடிகிற வேலைக்கு ஒரு வாரம் வேண்டும் என்று சொன்னாலும் எங்கள் மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போவார் என்று சிரிப்பார்கள். என்னிடம் அந்தப் பாச்சா பலிக்காது. என்னை ஏமாற்ற வேண்டுமென்றால் என்னைவிட நன்றாகப் புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

குமுளியில் பல வருஷம் வேலை பார்த்ததால் உங்களுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வருகிறது என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. தமிழில் எழுதினால்தான் எனக்கும் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்ல வரும். யாரும் என்னைக் கூட்டிக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணைக் கமிட்டியின் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. திட்ட மேலாளருக்குப் போதிய தொழில்நுட்ப அறிவு இல்லாததால், மாடு இழுத்ததால் வந்த அசைவையும் மண் நகர்ந்ததால் வந்த அசைவையும் அவரால் பிரித்தறிய இயலவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியால்தான் நீ வெளியே நடமாடுகிறாய், வாயை மூடிக்கொண்டு இரு என்று என் வக்கீல் சொன்னார். அந்த வரி தப்பு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

நான் கோவிந்தாபுரத்துக்காரன். பெயர் பூபதிராஜா. அப்பாவுக்குத் தென்னந்தோப்பு, வயல், மாடுகள் எல்லாம் உண்டு. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்து, கொச்சியில் ஒரு கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்து மேனேஜர் ஆனேன். ஆன பிறகும் தொழிலைக் கைவிடவில்லை. டீம் எழுதுகிற ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படிப்பேன். டேட்டாபேஸில் நானே இறங்கித் தேடுவேன். சர்வர் படுத்துக்கொண்டால் யாரையும் எழுப்பாமல் நானே சரிசெய்துவிட்டுக் காலையில் சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, இனி வரப்போவது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பீர்மேட்டுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மண்சரிவு எச்சரிக்கைக் கருவி அமைப்பதுதான் எங்களுக்கு வந்த வேலை. மலைச்சரிவில் நாலு இடத்தில் ஆழமாகத் துளை போட்டு இரும்புக் கம்பி இறக்கி, அதன் தலையில் சென்சார் மாட்டியிருந்தோம். மண் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது, கம்பி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஃபேக்டரி ஆபீசில் பெரிய திரை ஒன்று. எல்லாம் சரியென்றால் பச்சை, சந்தேகம் வந்தால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் சங்கு தானாக ஊதும். உடனே லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிற தொழிலாளர் ஜனங்கள் வீட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் டெமோவை இரண்டு தடவை தள்ளிப்போட்டார். பாவம், தங்கமான மனுஷன், ஆனால் திரையில் ஓடுவது என்னவென்று அவருக்கு ஒரு எழவும் தெரியாது. அவரை மாற்றிவிட்டு என்னை அனுப்பினார்கள். மூன்றாம் தடவையும் தள்ளிப்போனால் எஸ்டேட் எங்களைத் துரத்திவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மழைக்காலத்துக்குள் நாலு கம்பியையும் பச்சையில் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன தேதி தவறியது என்ற பேச்சு அதுவரை எனக்கு வந்ததில்லை.

டீமில் மோனிஷா என்ற பெண் இருந்தாள். அந்த எஸ்டேட் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா பூமாரி கொழுந்து பறிப்பவர். அப்பா சுடலை ஃபேக்டரியில் அடுப்பு பார்ப்பவர். திருநெல்வேலியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தாள். அந்தச் சிஸ்டத்தை முழுக்கப் புரிந்துகொண்டவள், என்னைத் தவிர, அவள் ஒருத்திதான். என்னைத் தவிர என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே அவள் வந்து ஒன்று சொன்னாள். "சார், ஃபேக்டரிச் சங்கையே எச்சரிக்கைக்கும் வச்சா சரிப்படாது. அந்தச் சங்கு கேட்டா எங்க ஆளுக பெரட்டுக் களத்துக்குத்தான் ஓடியாருவாக. தாத்தா காலத்துலருந்து அதான் பழக்கம். வேற சத்தம் வைங்க, இல்லன்னா ஞாயித்துக்கெழமையில கூட்டி வச்சுப் பழக்கிவிடுங்க."

பெரட்டுக் களம் என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இந்த மலைக்கு இத்தனை பேர் என்று பிரித்தனுப்புகிற மைதானம். சங்கு ஊதினால் வந்துவிட வேண்டும். வரிசையில் நின்றுவிட்டால் பேர் கூப்பிட்டு முடியும்வரை நகரக் கூடாது. நகர்ந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. அந்தக் களம் மூன்றாம் நம்பர் கம்பிக்கு நேர் கீழே இருந்தது.

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் புதுச் சைரன் வந்து சேர நாளாகும். ஜனங்களைப் பழக்குவதற்கும் நாளாகும். இரண்டையும் அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினேன். எதை இப்போது செய்வது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கத்தானே மேனேஜருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

மழை பிடிக்க ஆரம்பித்ததும் மூன்றாம் நம்பர் சண்டித்தனம் செய்தது. சாயங்காலமானால் மஞ்சள், கொஞ்ச நேரத்தில் பச்சை, மறுபடி மஞ்சள். பையன்கள் புரோகிராமில் எங்கே பிசகு என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் கம்பி சாய்ந்து நிமிர்ந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன், பார்த்ததும் சிரித்துவிட்டேன். மாட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாதா. குடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். நினைத்தபடியே கம்பியில் ஒரு செவலை மாடு கட்டியிருந்தது, பக்கத்தில் சுடலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, மாடு கட்டறதுக்கு ஒலகத்துல வேற எடமே கெடைக்கலீங்களா உங்களுக்கு?" என்றேன்.

"புல்லு இங்கனதான் நல்லா கெடக்கு சார். கம்பியும் தோதா நட்டு வச்சிருக்கீக," என்றார்.

"மாட்டுக்கும் கம்ப்யூட்டர் வேல போட்டுக் குடுத்துட்டீங்க போங்க," என்றேன். அவரும் சிரித்தார். உடனே அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார். ஆனாலும் புல் ஆசை யாரை விட்டது. நான் கொச்சிக்குப் போகும்போதெல்லாம் மாடு கம்பிக்கு வந்துவிடும். கடைசியில் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னேன். அதற்குப் பிறகு ஃபேக்டரிக்குக் கீழே உள்ள தகரக் கொட்டாயில் கட்ட ஆரம்பித்தார். சொன்னால் கேட்கிற மனுஷன்தான்.

மாட்டை முதலில் கண்டுபிடித்த அன்று சாயங்காலமே டீமை உட்கார வைத்து ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். மாடு இழுத்தால் கம்பி சட்டென்று சாயும், மாடு தலையைத் தளர்த்தியதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். மண் இழுத்தால் அப்படியில்லை. கொஞ்சமாகச் சாயும், அப்படியே நிற்கும், திரும்பி வராது. அப்புறம் இன்னும் கொஞ்சம் சாயும். திரும்பி வராத கம்பியைக் கண்டால் மட்டும் பயப்படுங்கள் என்று சொன்னேன். மோனிஷா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நல்ல மாணவி.

அந்த மாடு எங்களுக்கெல்லாம் ஒரு சிரிப்பாகிவிட்டது. எது பிசகினாலும் மாடு என்போம். கொச்சியிலிருந்து போன் பேசும் பெரிய அதிகாரிகூட, "இன்னைக்கு மாடு லீவா?" என்று கேட்பார். ஒரு டீமுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது நல்லது. எல்லோரும் ஒன்றாக நம்புகிற ஒரு காரணம் கையில் இருந்தால் வேலை சுலபமாக நடக்கும்.

டெமோ வைத்திருந்த அன்று விடாமல் மழை. அதற்கு முன்னும் பல நாளாக வெயிலையே பார்க்கவில்லை. காலையில் ஜீப்பில் எஸ்டேட்டுக்கு வந்து ஆபீசில் உட்கார்ந்து சிஸ்டத்தைத் திறந்தேன். மூன்றாம் நம்பர் மஞ்சளில் நின்றது. சிவப்புக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. சிவப்பைத் தொட்டால் சங்கு தானாக ஊதிவிடும். டெமோ பார்க்க மலைப்பாதையில் வந்துகொண்டிருந்த விருந்தாளிகளின் ஜீப்பை வழியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் தடவையாக டெமோ தள்ளிப்போகும்.

எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் ஷிஜு எட்டிப் பார்த்தார். "மறுபடியும் மாடுங்க," என்றேன். "அந்தப் பசுவை வித்துக் களையான் சொல்லு சாரே," என்று மாட்டை விற்றுவிடச் சொல்லி மலையாளத்தில் கிண்டலடித்துவிட்டு டீ சொல்லப் போனார். நான் மூன்றாம் நம்பரிலிருந்து வருகிற கணக்கைத் துண்டித்துவிட்டு, அந்த இடத்தில் கோடைகாலத்தில் சோதனைக்காக எடுத்து வைத்திருந்த பழைய கணக்கு ஓடும்படி செய்தேன். கம்பி பச்சையானது. சில வரி மாற்றம்தான். பக்கத்தில் இருப்பவர் டம்ளரை எடுத்து வாயில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒன்றும் தெரியாத மேனேஜராக இருந்தால் இதற்கு ஒரு புரோகிராமரைக் கூப்பிட்டிருக்க வேண்டும், அவன் ஏன் என்று கேட்டிருப்பான். எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. இதை விசாரணையில் நானே சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. மாடு என்று நினைத்து மாற்றினேன் என்று சொன்னேன்.

விருந்தாளிகள் வந்து ஃபேக்டரி வராந்தாவில் உட்கார்ந்தார்கள். பழப்பொரியும் டீயும் கொடுத்தோம். அங்கிருந்து பார்த்தால் பெரட்டுக் களம் முழுக்கத் தெரியும். நான் மைக்கில் திட்டத்தை விளக்கிவிட்டுச் சங்கை ஊதவைத்தேன். மோனிஷா சொன்னது சரிதான், ஜனங்கள் பள்ளிக்கூட மேட்டுக்குப் போகவில்லை. பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையில் போர்த்திக்கொண்டு, கூடையைக் கட்டியபடியே களத்துக்கு வந்து வரிசை வரிசையாக நின்றார்கள். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. இவ்வளவு ஒழுங்கை எங்குமே பார்த்ததில்லை என்று விருந்தாளிகளில் பெரியவர் சொன்னார். கூடுமிடம் அதுதானா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போதுதான் மோனிஷா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"சார், தெரையில ஓடுதது இன்னைக்குக் கணக்கு இல்ல. வெளிய இப்படிப் பெய்யுது, மூணாம் நம்பர்ல மண்ணு காஞ்சு கெடக்குன்னு காட்டுது. நான் சென்சாருக்குள்ள நேராப் போய்ப் பாத்துட்டேன். நேத்து சாய்ஞ்ச கம்பி திரும்பவே இல்ல."

"மாடா இருக்கும் மா," என்றேன்.

"மாடு அங்க இல்ல சார். அப்பா கீழக் கொட்டாயில கட்டிருக்காக. நீங்கதான கட்டச் சொன்னீக."

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. காலையில் ஜீப்பில் வரும்போதே பார்த்திருந்தேன். தகரக் கொட்டாயில் அந்தச் செவலை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"விருந்தாளிங்க கெளம்பட்டும். அப்பறம் பாத்துக்கலாம்," என்றேன்.

"எங்கம்மா கீழ நிக்கா சார். மைக்கு உங்க கையிலதான இருக்கு. ஒரு வார்த்த சொல்லுங்க சார், எல்லாரும் ஏறிருவாக."

பெரியவர் அந்த நேரம் பார்த்து ஏதோ கேள்வி கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பிப் பதில் சொன்னேன். பேசி முடித்துப் பார்த்தால் மோனிஷா பக்கத்தில் இல்லை. படிகளில் இறங்கிக் களத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறுங்கள், மண் வருகிறது என்று அவள் ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கத்தியது வராந்தாவரை கேட்டது. யாரும் உடனே நகரவில்லை. பேர் கூப்பிடாமல் எப்படிப் போவது. "பேரு கூப்புடுத நேரத்துல வந்து என்னட்டி கத்துத? பெரியவுகல்லாம் பாக்காக," என்று பூமாரி மகளை அதட்டினார். "நீ மொதல்ல வாம்மா," என்று அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பூமாரி நிமிர்ந்து வராந்தாவைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். மகளின் முதலாளி என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொண்டு நகரலாம் என்று நினைத்திருப்பார். அதற்குள் பின் வரிசையில் சில பெண்கள் கூடையை இறக்கிவிட்டு மேட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். வரிசை கலைந்தது. "என்ன, ஏதாவது பிரச்சினையா?" என்று பெரியவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் டீம் ஆளே என் டெமோவைக் கெடுத்தால் யாருக்குத்தான் வராது.

மைக்கை எடுத்தேன். "யாரும் வரிசைய விட்டு நகர வேண்டாங்க. இது டெமோதானுங்க, பயப்பட ஒண்ணுமில்லீங்க. பேரு கூப்புட்டு முடிக்கற வரைக்கும் நின்ன எடத்துலயே நில்லுங்க," என்றேன்.

நின்றார்கள். மேட்டுப் பக்கம் போனவர்களும் திரும்பி வந்து கூடையை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். பூமாரி மகளைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, தன் பிளாஸ்டிக் ஷீட்டில் பாதியை அவள் தலைக்கும் போர்த்தினார். மோனிஷா ஒருத்தி ஓடியிருக்கலாம், நேரம் இருந்தது. அம்மாவின் கையை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவரிடம், பயிற்சிக்காக இப்படி ஒரு குழப்பத்தை நாங்களே ஏற்பாடு செய்தோம் என்று சொன்னேன். அவர் பாராட்டினார்.

பிறகு மேலேயிருந்து மண் வந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வராந்தா ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்ததால் எங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபீசுக்குள் திரும்பிப் பார்த்தேன். நாலும் பச்சையில் இருந்தன. இறந்தவர்கள் யார் யார் என்பது உங்களிடம் இருக்கிறது, நான் எழுத வேண்டியதில்லை.

விசாரணையில் மாடு என்று நான் சொன்னதும் ஷிஜு ஆமாம் என்றார், கொச்சி அதிகாரி ஆமாம் என்றார், டீம் முழுக்க ஆமாம் என்றது. அன்றைக்கு மாடு எங்கே கட்டியிருந்தது என்று சுடலையிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த வரி வந்தது. கம்பெனியில் எல்லோரும் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார்கள். ஒரு நாள் கேன்டீனில் நேற்று சேர்ந்த ஒரு பொடியன் பக்கத்தில் இருப்பவனிடம், "பாவம்டா, அவருக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது, ஒரு மாடு ஏமாத்திருச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மேடம். அவமானம் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகையால் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாம் நம்பர் கம்பியை இழுத்தது மாடல்ல, மண் என்று அன்று காலையிலேயே எனக்குத் தெரியும். மண் சரிந்தால் எங்கே வரும் என்று தெரியும். களத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியும். மைக்கில் பேசும்போதும் தெரிந்துதான் பேசினேன். விருந்தாளிகள் கிளம்பும்வரை சரிவு தாங்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். கணக்கில் பிழை இல்லை, கடைசி நேரத்தில் மழைதான் கூடிவிட்டது.

சுடலையைப் பிறகு பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். பார்த்தேன். மனைவியையும் மகளையும் அடக்கம் செய்த மறுநாள், முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார், ஒண்ணு மட்டும் கேக்கணும். எம் மாடு முன்னாடி இழுத்து இழுத்துத்தான் அந்தக் கம்பி கெட்டுப்போச்சாம்ல. அது கெடாம இருந்தா எம் புள்ளயும் அவ ஆத்தாளும் பொழச்சிருப்பாகளா?"

"ஆமாங்ணா," என்றேன்.

அவர் தரையில் விழுந்து என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று அழுதார். அவரைத் தூக்கி நிறுத்தினேன். மன்னித்துவிட்டேன் மேடம், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.